காய்ச்சல் வரும் என்று தெரிந்தே

குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது கடும் லிம்போசைட் ரத்தப் புற்றுநோய். 1940களின் நடுப்பகுதி வரை இந்த நோய் கண்ட குழந்தைக்குச் சில வாரங்களோ சில மாதங்களோதான் ஆயுள். இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைத்து, பள்ளிக்குப் போய், பெரியவர்களாகிறார்கள். மருத்துவ வரலாற்றில் இதற்கு ஈடான வெற்றிகள் குறைவு. ஆனால் இந்த வெற்றிக்குள் மனத்தை உறுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் நடந்த யூகேஆல் 2003 என்ற ஆய்வில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளும் இளையோரும் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் தொற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு, இரண்டரைப் பேர்தான். அந்த ஆய்வில் நேர்ந்த மரணங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாலோ, ஏறத்தாழ பத்தில் மூன்று தொற்றால் வந்தவை. நோய் பின்வாங்கி, எலும்பு மஜ்ஜையில் புற்றணுக்கள் நுண்ணோக்கிக்கும் தென்படாமல் மறைந்த பிறகும் கிருமியால் இறந்த குழந்தைகள் அவர்களில் உண்டு. அந்தக் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டது பெரும்பாலும் சிகிச்சை. அப்படியானால் கேள்வி இது: வேறு வழியில்லாமல், நல்ல எண்ணத்தோடு, ஒரு குழந்தையின் நோய் எதிர்ப்பைத் தெரிந்தே அழிக்கிறவர், அதன் பிறகு வரும் தொற்றுக்கு எந்த அளவு பொறுப்பு?

பதில் தேடும் முன் உடலுக்குள் நடப்பதைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அறக்கேள்வியின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. சிகிச்சையின் முதல் கட்டம் ஏறக்குறைய நான்கு வாரம். வின்கிரிஸ்டின், அஸ்பராஜினேஸ், பிரெட்னிசலோன் அல்லது டெக்ஸாமெத்தசோன், சிலருக்குக் கூடுதலாக டானோரூபிசின். இவை சேர்ந்து மஜ்ஜையில் குவிந்திருக்கும் புற்றணுக்களை அழிக்கின்றன. கூடவே கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில் அணுக்களின் உற்பத்தியும் படுத்துவிடுகிறது. பெற்றோர் வார்டில் சேர்ந்த சில நாளிலேயே 'கவுன்ட்' என்ற சொல்லைக் கற்றுக்கொள்வது இதனால்தான். அந்த எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே இறங்கினால் ஆபத்து, 100க்குக் கீழே போனால் பேராபத்து. எண்ணிக்கை குறையக் குறைய, குறைந்த நிலை நீடிக்க நீடிக்கத் தொற்று கூடுகிறது என்று ஜெரால்ட் போடியும் அவருடைய சகாக்களும் 1966இலேயே கணக்கிட்டுக் காட்டினார்கள். மருந்து வாயிலிருந்து குடல்வரை உள்ள மென்தோலையும் புண்ணாக்குகிறது. அதுவரை குடலில் தீங்கில்லாமல் குடியிருந்த ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அந்தப் புண் வழியாக ரத்தத்தில் இறங்குகின்றன. இன்னொரு கொடுமையும் உண்டு: டெக்ஸாமெத்தசோன் காய்ச்சலையே மறைத்துவிடும். ரத்தத்தில் நஞ்சேறிக்கொண்டிருக்கும் குழந்தை, உடம்பு சுடாமல், வயிற்றுவலியோடும் சில்லிட்ட கைகால்களோடும் சோர்ந்து மட்டும் கிடக்கலாம். எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போடுவதும் நியாயமாகாது. நோயே மஜ்ஜையை அடைத்துக்கொண்டு நல்ல அணுக்களைப் பட்டினி போட்டிருக்கும். பல குழந்தைகள் முதல் நாளே காய்ச்சலோடுதான் வருகின்றன. இருந்தாலும் நோய் பின்வாங்கிய பிறகு வாரக்கணக்கில் தொடரும் அந்த வெறுமை நம் கை செய்தது.

இந்த இடத்தில் இரண்டு பதில்கள் எளிதாகக் கிடைக்கின்றன. ஒன்று, விதி. இரண்டு, பக்கவிளைவு. முதலாவது கோயிலிலும் வீட்டிலும் சொல்லப்படுவது; இரண்டாவது மருத்துவமனையில் சொல்லப்படுவது. இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான்: நடந்ததை யாருடைய செயலும் ஆகாத ஒன்றாக ஆக்கிவிடுகின்றன. விதி என்ற ஆறுதலை நான் இழிவாகப் பேச மாட்டேன். குழந்தையை இழந்த தாய் அதைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் காலையில் எழுகிறாள் என்றால், அதைப் பறிக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அது நடந்து முடிந்த பிறகு துயரப்படுகிறவர் சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். நடப்பதற்கு முன்பே, காக்கும் பொறுப்பில் இருப்பவர் வாயில் அது வரும்போது கைவிடுதலாக மாறிவிடுகிறது. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியது போலவே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. இரண்டில் எது பெரிது என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, எந்த வேளையில் யாருக்கு எது பொருந்தும் என்று கேட்பது பயனுள்ளது. இரவுப் பணியில் இருக்கும் மருத்துவருக்கும், மருந்துக் கிடங்கை நிரப்ப வேண்டிய நிர்வாகத்துக்கும் பொருந்துவது இரண்டாவது அதிகாரம்தான்.

பக்கவிளைவு என்ற பதிலுக்குப் பின்னால் கனமான ஒரு தத்துவ மரபு இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தற்காப்பைப் பற்றி எழுதியபோது, ஒரு செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம், அவற்றில் ஒன்று மட்டுமே நாடப்பட்டதாகவும் மற்றது நாட்டத்துக்கு வெளியே நிற்பதாகவும் இருக்கலாம் என்றார். பிற்கால கத்தோலிக்க அறவியலார் இதை 'இரட்டை விளைவுக் கோட்பாடு' என்று நிபந்தனைகளோடு வகுத்தார்கள். செயல் தன்னளவில் தீயதாக இருக்கக் கூடாது. தீய விளைவை நாடக் கூடாது. தீமையைக் கருவியாக்கி நன்மையை அடையக் கூடாது. கிடைக்கும் நன்மை தீமையைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். கீமோதெரபி இந்த நான்கையும் தாண்டிவிடுகிறது. எந்த மருத்துவரும் நியூட்ரோஃபிலை ஒழிப்பதற்காக மருந்து கொடுப்பதில்லை. நல்ல அணு சாவதால் புற்றணு சாவதில்லை. இரண்டும் ஒரே அடியில் விழுகின்றன, அவ்வளவுதான். தப்பிக்கும் உயிர்களின் எண்ணிக்கையோ மிகப் பெரிது. ஆகவே தொற்றால் குழந்தை இறந்தால் அது வருந்தத்தக்கது, குற்றமாகாது என்று கோட்பாடு தீர்ப்பெழுதிவிட்டுப் போய்விடுகிறது.

இந்தத் தீர்ப்பு அவசரமானது என்பது என் வாதம். நாடவில்லை என்பது மனத்தின் நிலையைப் பற்றிய செய்தி மட்டுமே; அந்தக் குழந்தை அதற்குப் பிறகு எப்படி நடத்தப்பட்டது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. போரின் அறத்தைப் பற்றி 1977இல் வெளிவந்த தன் நூலில் மைக்கேல் வால்சர் இதே ஓட்டையைத்தான் சுட்டிக்காட்டினார். குண்டு வீசுகிறவர் பொதுமக்களைக் கொல்ல நினைக்கவில்லை என்று சொன்னால் போதாது. அவர்கள் சாவார்கள் என்று முன்கூட்டியே தெரியும் என்பதால், அந்தச் சாவுகளைக் குறைக்கவும் அவர் முனைந்திருக்க வேண்டும், அதற்காகத் தானே ஆபத்தையும் செலவையும் ஏற்றிருக்க வேண்டும் என்றார் அவர். போரையும் மருத்துவத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. போரில் தீங்கு பெறுகிறவருக்கு நன்மை ஏதுமில்லை, இங்கே தீங்கும் நன்மையும் ஒரே குழந்தைக்கு. ஆனால் இந்த வேறுபாடு கடமையைக் கூட்டத்தான் செய்கிறது. அந்நியருக்கே அவ்வளவு கடன் என்றால், நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட, தானே முடிவெடுக்கும் வயது வராத குழந்தைக்கு எவ்வளவு? கீமோதெரபியின் நியாயம் முதல் ஊசி போடும் நாளில் முழுமையாகிவிடுவதில்லை. பாதி நியாயம்தான் அன்று கிடைக்கிறது. மறுபாதியை, எண்ணிக்கை இறங்கியிருக்கும் இரவுகளில் என்ன தயாராக இருந்தது என்பதே சம்பாதித்துத் தர வேண்டும்.

இது வெறும் தர்க்கமாக நின்றுவிடாமல் காப்பது வரலாறு. தொற்று என்பது கையை மீறிய ஒன்று என்றால் 'குறைக்க முனைந்தாரா' என்ற கேள்விக்கே பொருளில்லை. ஆனால் அது கைக்கு அடங்கும் என்பதற்கு ஐம்பது ஆண்டுச் சான்று இருக்கிறது. ஒரு காலத்தில் காய்ச்சல் வந்தால் ரத்தத்தை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, எந்தக் கிருமி என்று தெரியும்வரை காத்திருப்பதே முறையான மருத்துவமாக இருந்தது. அறிவியல் ஒழுக்கம் என்றே அதை நினைத்தார்கள். சூடோமோனாஸ் போன்ற கிருமி அந்த ஓரிரு நாள் அவகாசத்தைத் தருவதில்லை. முடிவு வரும்போது நோயாளி இருக்க மாட்டார். 1971இல் ஸ்டீபன் ஷிம்ப்ஃபும் சகாக்களும் கிருமியின் பெயருக்குக் காத்திராமல் கார்பெனிசிலினும் ஜென்டமைசினும் உடனே தொடங்கிய அனுபவத்தை வெளியிட்டார்கள். அதிலிருந்துதான் இன்றைய நடைமுறை பிறந்தது: கவுன்ட் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு பைபெராசிலின்-டாசோபாக்டம், செஃபிபிம் போன்ற மருந்து, மருத்துவமனை வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள். அந்த ஒரு மணி நேரம் என்ற எல்லையைப் பற்றி ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அறுபத்தொன்றாவது நிமிடத்தில் எதுவும் தலைகீழாகிவிடாது. ஆனால் ரத்த அழுத்தம் சரியத் தொடங்கிய குழந்தைக்குத் தாமதம் கேடு என்பதில் ஐயமில்லை. எந்தக் குழந்தை சரியப்போகிறது என்று வாசலிலேயே கணிக்க யாராலும் முடியாது.

இன்னும் தெளிவான சான்று 1977இல் வந்தது. நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை இந்தக் குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கிக் கொன்றுகொண்டிருந்தது. மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் வால்டர் ஹியூஸ் குழுவினர் 160 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டிரைமெத்தோப்ரிம்-சல்ஃபாமெத்தாக்சசோலும் மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்தில்லாத 80 பேரில் 17 பேருக்கு அந்த நிமோனியா வந்தது. மருந்து எடுத்த 80 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. நம் மருந்துக்கடைகளில் வெகுகாலமாகக் கிடைக்கும், விலை குறைந்த மாத்திரை அது. அறத்தின் பார்வையில் அந்த ஆய்வு முடிந்த நாள் ஓர் எல்லைக்கோடு. அதற்கு முந்தைய மரணங்களை அறியாமையின் கணக்கில் எழுதலாம். அதற்குப் பிறகு, அந்த மாத்திரை எழுதப்படாமலோ கிடைக்காமலோ ஒரு குழந்தை நியூமோசிஸ்டிஸால் இறந்தால், அதைப் பக்கவிளைவு என்று பெயரிட்டுக் கோப்பை மூட முடியாது. அறிவு கூடக்கூட, முன்பு விதியாக இருந்தது கடமையாகிறது. மருத்துவத்தில் இந்த எல்லை ஒரே பக்கமாகத்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது.

மருந்தின் பெயர்ப் பட்டியல் மட்டும் உயிரைக் காப்பதில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1984இல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த இயன் மக்ராத்தோடு இணைந்து எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றத் தொடங்கின. திட்டம் ஒன்றாக இருந்தும் மூன்று இடங்களிலும் விளைவு ஒன்றாக இல்லை. பிரேசிலின் வறிய வடகிழக்கில் உள்ள ரெசிஃபே நகரத்தின் கதை இன்னும் வெளிப்படையானது. 1980களில் அங்கே ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் வாழ்ந்த குழந்தைகள் நூற்றுக்கு 32. இருபது ஆண்டுக்குள் அது 63 ஆனது. சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் நூற்றுக்கு 16 பேராக இருந்தது, அரை விழுக்காடாகக் குறைந்தது. சிகிச்சைத் திட்டம் மேம்பட்டது அதற்கு ஒரு காரணம்தான். தனி வார்டு, பயிற்சி பெற்ற நர்சுகள், வெளியூர்க் குடும்பங்கள் தங்க இடம் என்று மருந்தைச் சுற்றியிருந்த எல்லாமே மாறியிருந்தன. மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்று குறள் சொல்லும்போது நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணி செய்பவரையும் சமமாக எண்ணுகிறது. தொற்றைப் பொறுத்தவரை அந்த நான்காமவர்தான் முதலாமவர். கையைக் கழுவிவிட்டு மத்திய சிரைக்குழாயைத் தொடுகிறவரும், இரவு மூன்று மணிக்குக் குழந்தையின் கால் சில்லிட்டிருப்பதைக் கவனிக்கிறவரும் அவர்தான்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு நூறும் சாவு. அப்படியிருக்க, நர்சும் கல்ச்சரும் போதாத ஒரு சிறு நகர மருத்துவமனை பாதிக் குழந்தைகளையாவது காப்பாற்றினால் அது நன்மைதானே? உன் அறம் அவர்களைக் கைகட்டி நிற்கச் சொல்கிறதா? இல்லை. ஆனால் இந்த மறுப்பு, முழு வலிமையோடு சிகிச்சை, அல்லது ஒன்றுமே இல்லை என்று இரண்டே வழி இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. மூன்றாவது வழி உண்டு. 2009இல் ஸ்டீபன் ஹங்கரும் சகாக்களும் வறிய நாடுகளுக்காகப் படிப்படியான ஒரு முறையை முன்வைத்தார்கள்: முதலில் மஜ்ஜையை அதிகம் வாட்டாத எளிய திட்டத்தோடு தொடங்குங்கள், சிகிச்சையால் நேரும் மரணங்கள் குறைந்து, காக்கும் திறன் வளர்ந்த பிறகு அடுத்த படிக்கு ஏறுங்கள். இதில் நோய் திரும்பி வரும் வாய்ப்புக் கொஞ்சம் கூடும். தொற்றால் சாகும் வாய்ப்பு நன்றாகக் குறையும். எவ்வளவு காக்க முடியுமோ அவ்வளவே அழிக்கலாம் என்ற விதி இதற்குள் இருக்கிறது. பணக்கார நாடுகளும் தங்கள் வழியில் அதே முடிவுக்கு வந்திருக்கின்றன. யூகேஆல் 2003இல், நுட்பமான சோதனையிலும் புற்றணு எஞ்சவில்லை என்று தெரிந்த குழந்தைகளுக்கு ஒரு கட்டச் சிகிச்சையைக் குறைத்தார்கள். அதனால் பிழைப்பு விகிதம் குறையவில்லை. அப்படியென்றால் முன்பு கொடுத்த அந்தக் கூடுதல் அளவு அந்தக் குழந்தைகளுக்குத் தேவையற்ற ஆபத்தாக இருந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வு நடத்தியதே கடமையைச் செய்ததன் அடையாளம்.

இரண்டாவது மறுப்பு மருத்துவர்கள் பக்கத்திலிருந்து வரும்: இவ்வளவு பாரத்தை ஒருவர் தலையில் ஏற்றினால் யார் இந்தத் துறைக்கு வருவார்கள்? எல்லாம் சரியாகச் செய்தும் குழந்தைகள் இறக்கத்தானே செய்கின்றன? உண்மை. ஆனால் இந்தக் கடன் தனிமனிதருடையது என்று யார் சொன்னது? முதல் ஊசி போடும் முடிவு ஒரு நிறுவனத்தின் முடிவு. அதற்கு நிதி தருகிற அரசின் முடிவு. மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் கையிருப்பு இல்லாத வார்டில் தவிக்கும் இளம் மருத்துவர் அந்தப் பழிக்கு உரியவர் ஆகமாட்டார். இப்போதைய நிலையில் பழி எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். அது தாயின் தலையில் விழுகிறது. வெளியில் வாங்கிய இட்லியைக் கொடுத்தேன், பழத்தைத் தோலோடு கொடுத்தேன், பக்கத்து வீட்டுப் பிள்ளையை உள்ளே விட்டேன் என்று அவள் ஆயுள் முழுக்கத் தன்னைத்தானே விசாரித்துக்கொள்கிறாள். ரத்தத்தில் இறங்கும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி குழந்தையின் சொந்தக் குடலிலிருந்தும் தோலிலிருந்தும் வருபவை. சுத்தமாகச் சமைத்தால் போதும், அதற்கு மேல் போடும் கடுமையான பத்தியங்கள் தொற்றைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பொறுப்பு சரியான இடத்தில் வைக்கப்படாததால் அது மிகவும் எளியவரைத் தேடிப் போகிறது. நான் கேட்பது புதிய பாரம் எதுவும் இல்லை. ஏற்கெனவே தவறான தோளில் இருக்கும் பாரத்தை இடம் மாற்றுவது.

மூன்றாவது மறுப்பு எனக்கே கடினமானது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பரந்த வீச்சுள்ள ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமிகள் எதிர்ப்பைக் கற்றுக்கொள்கின்றன. இன்றைய குழந்தையைக் காப்பாற்ற நாளைய குழந்தையின் மருந்தைச் செலவழிக்கிறோம். இந்தியாவில் இது கற்பனைப் பயம் இல்லை. கார்பபெனெம் வகை மருந்துகளுக்கும் அசையாத கிளெப்சியெல்லா நம் மருத்துவமனைகளில் குடியேறிவிட்டது. கடைசி ஆயுதமான கொலிஸ்டினை, சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று தெரிந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டதும், 2014இல் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்து பல ஆன்டிபயாடிக்குகளின் கடை விற்பனையைக் கட்டுப்படுத்தியதும் இந்த அச்சத்தால்தான். ஆனால் எதிர்ப்பை வளர்த்தது இந்தக் குழந்தைகளின் காய்ச்சலா? சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் சீட்டில்லாமல் விற்கப்பட்ட மாத்திரைகளும், கோழிப் பண்ணைகளில் தீவனத்தோடு கலந்த மருந்தும், கழிவுநீரும் எல்லாம் சேர்ந்து வளர்த்தது அது. பொதுவில் செய்த வீணடிப்புக்கான சிக்கனத்தை, உண்மையாகவே மருந்து தேவைப்படும் மிகச் சிலரிடமிருந்து தொடங்குவது அநீதி. அதே சமயம் இந்த வார்டுகளுக்கும் ஒரு கடன் உண்டு: வேகமாகத் தொடங்குவது போலவே வேகமாக நிறுத்தவும் வேண்டும். 48 மணி நேரத்தில் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, ஒரு நாளாகக் காய்ச்சல் இல்லை, மஜ்ஜை மீளத் தொடங்கிவிட்டது என்றால் மருந்தை நிறுத்தலாம் என்று சர்வதேச வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. பயத்தால் பத்து நாள் நீட்டிப்பது இந்தக் குழந்தைக்கும் உதவாது, அடுத்த படுக்கைக்கும் உதவாது.

இவ்வளவும் செய்த பிறகும் சில குழந்தைகள் இறப்பார்கள். கடவுள் ஏன் அனுமதிக்கிறார் என்ற கேள்வி அங்கே காத்திருக்கிறது. ஆல்பெர் காம்யுவின் 'கொள்ளைநோய்' நாவலில் ஒரு சிறுவனின் சாவைக் கண்ட பிறகு மருத்துவர் ரியூவும் பாதிரியார் பனலூவும் மோதிக்கொள்ளும் கேள்வி. அதற்குப் பதில் என்னிடம் இல்லை. இந்த வாதம் அதைத் தீர்க்கவும் முயலவில்லை. நான் கேட்பதெல்லாம், கடவுளிடம் போய்ச் சேரும் கேள்விகளில் நம்மிடம் கேட்கப்பட வேண்டியவை கலந்திருக்கக் கூடாது என்பதுதான். மாத்திரை எழுதப்படாமல், மருந்து கையிருப்பில் இல்லாமல், தொலைபேசி எடுக்கப்படாமல் இறந்த குழந்தையின் கணக்கை வானத்துக்கு அனுப்புவதுகூட ஒருவகைத் தெய்வ நிந்தனை.

இதைச் சோதிக்கச் சாதாரணமான ஓர் இடம் இருக்கிறது. சிகிச்சை தொடங்கும் முன் பெற்றோர் ஓர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுகிறார்கள். தொற்று வரலாம், உயிருக்கு ஆபத்து நேரலாம் என்று அவர்கள் எச்சரிக்கப்படுகிறார்கள். ஆபத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டதற்கு அது சாட்சி. அதே தாளில் மருத்துவமனை ஏற்றுக்கொண்டதும் எழுதப்பட வேண்டும்: வீட்டில் காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் எந்த எண்ணை அழைக்க வேண்டும், நள்ளிரவில் அதை யார் எடுப்பார்கள், அவசரப் பிரிவின் வரிசையில் நிற்காமல் உள்ளே போக என்ன காட்ட வேண்டும், முதல் ஊசி எத்தனை நிமிடத்தில் போடப்படும், அந்த மருந்து இன்று கிடங்கில் இருக்கிறதா, தொலைவிலிருந்து வருகிறவர்கள் எண்ணிக்கை இறங்கியிருக்கும் வாரங்களில் எங்கே தங்குவார்கள். இவற்றுக்குக் கீழே மருத்துவமனையின் கையெழுத்து.